காய்ச்சல் இறங்கும் நாளில் கண் அசராதீர்கள்: டெங்குவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டெங்கு வந்த வீட்டில் எல்லோரும் இரண்டு எண்களைத்தான் பார்க்கிறார்கள்: தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் எவ்வளவு இருக்கின்றன. காய்ச்சல் குறைந்தால் வீடே நிம்மதி அடைகிறது. பிளேட்லெட் குறைந்தால் வீடே பதறுகிறது. இரண்டு இடத்திலும் கணக்கு தப்பிப் போகிறது. டெங்குவில் பெரும்பாலான சிக்கல்கள் காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் தலைகாட்டும். அதிகம் உயிரைப் பறிப்பது ரத்தக் குழாயில் இருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுந்துவிடுவது. அதைச் சரியான நேரத்தில் பிடித்துவிட்டால், சரியான அளவு நீர் கொடுப்பதுதான் மருத்துவம். நல்ல கவனிப்பு கிடைத்தால் டெங்குவில் இறப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே.

இந்த நோய் நமக்குப் புதிதல்ல. 1780லேயே சென்னையில் டெங்கு போன்ற காய்ச்சல் பரவியதாகப் பதிவு இருக்கிறது. ஏடிஸ் கொசுதான் இதைப் பரப்புகிறது என்று ஆஸ்திரேலியாவின் தாமஸ் பான்கிராஃப்ட் 1906ல் காட்டினார். 2012ல் தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு உறுதியானது. நெல்லை மாவட்டமும் கடையநல்லூரும் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். 2017ல் அந்த எண்ணிக்கை 23 ஆயிரத்தைத் தாண்டியது. அதே ஆண்டு இலங்கையில் 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்குக் காய்ச்சல். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கும் முன்பே இதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது. நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் இருந்து தொடங்குகிறேன். கொசுவுக்கு அப்புறம் வருகிறேன்.

படி 1: காய்ச்சல் தொடங்கிய நாளைக் குறித்து வையுங்கள்

டெங்குவில் எல்லா முடிவும் "இன்று எத்தனையாவது நாள்" என்பதைப் பொறுத்தது. எந்தப் பரிசோதனை எடுப்பது, எப்போது பயப்படுவது, எப்போது வீட்டுக்குப் போவது, எல்லாமே. ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு நாளும் நான்கு விஷயங்கள்: காய்ச்சல் அளவு, கொடுத்த மாத்திரையும் நேரமும், குடித்த நீர் ஆகாரம், சிறுநீர் கழித்த நேரம். டாக்டர் கேட்கும்போது "நேத்து நைட்டுன்னு நினைக்கிறேன்" என்று சொல்வதற்கும் இந்த நோட்டை நீட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

கொசு கடித்து பெரும்பாலும் 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும். திடீரென்று 102, 104 என ஏறும். கண்ணுக்குப் பின்னால் வலி, தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போன்ற மூட்டு வலி, குமட்டல். முகமும் மார்பும் லேசாகச் சிவக்கலாம். சளி, மூக்கொழுகல் பெரிதாக இருக்காது. சிக்குன்குனியா, டைபாய்டு, எலிக்காய்ச்சல் எல்லாமே முதல் இரண்டு நாளில் இப்படித்தான் தெரியும் என்பதால் அறிகுறியை மட்டும் வைத்து வீட்டிலேயே முடிவு கட்ட வேண்டாம்.

படி 2: மாத்திரை என்றால் பாராசிட்டமால் மட்டும்

பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். குழந்தைக்கு எடையைப் பார்த்துத்தான்: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 20 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை. இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரே மருந்துக் கடையில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் கிடைக்கும், 250 உள்ளதும் கிடைக்கும். "போன தடவை ஒரு மூடி கொடுத்தோம்" என்ற கணக்கு உதவாது. பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

காய்ச்சல் இறங்கவில்லையே என்று மாத்திரையைக் கூட்டாதீர்கள். டெங்குவில் ஈரல் ஏற்கெனவே சோர்ந்திருக்கும், அதிகப் பாராசிட்டமால் அதை மேலும் கெடுக்கும். வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்துவிடுங்கள்.

ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், மெஃபனமிக் அமிலம் வேண்டவே வேண்டாம். இவை ரத்தக் கசிவைத் தூண்டும், வயிற்றைப் புண்ணாக்கும். "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று கேட்டுப் போய்ப் போட்டுக்கொள்கிற வலி ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபினாக்தான். ஸ்டீராய்டும் உதவாது. டெங்கு வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாடிக்கும் அதன்மேல் வேலை செய்யாது. இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தாமல், முதல் நாளே தங்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

படி 3: எந்த நாளில் எந்தப் பரிசோதனை

முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1 ஆன்டிஜன், அதாவது ரத்தத்தில் வைரஸின் புரதத்தைத் தேடும் பரிசோதனை. முதல் மூன்று நாளில் எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஐ.ஜி.எம். ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்த்து உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. ஐந்து நிமிடக் கார்டு டெஸ்டை விட ஆய்வகத்தில் செய்யும் எலைசா முறை நம்பகமானது. அரசுக் கணக்கிலும் அதைத்தான் சேர்க்கிறார்கள். என்.எஸ்.1 நெகட்டிவ் என்று வந்தாலும் டெங்கு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. முன்பு ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு அது சீக்கிரமே மறைந்துவிடும்.

இதைவிட முக்கியமானது, காய்ச்சலின் முதல் மூன்று நாளுக்குள் ஒரு முழு ரத்த எண்ணிக்கை எடுத்து வைப்பது. சி.பி.சி. என்பார்கள். செலவும் குறைவு. அதில் எல்லாம் நார்மலாகத்தான் இருக்கும். "வீண் செலவு" என்று தோன்றும். ஆனால் பின்னால் வரும் ரிப்போர்ட்டை ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் அடிப்படை.

படி 4: ரிப்போர்ட்டில் பிளேட்லெட்டுக்கு முன் பி.சி.வி.யைப் பாருங்கள்

டெங்கு ரத்தத்தில் நடத்துகிற வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வெள்ளை அணுக்கள் குறையும். அடுத்து பிளேட்லெட் இறங்கும். அதோடு சேர்ந்து பி.சி.வி. அல்லது ஹீமட்டோகிரிட் ஏறத் தொடங்கினால் உஷாராக வேண்டும்.

பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்ற கணக்கு. புது மண்பானையில் நீர் கசிவது போல ரத்தக் குழாய்ச் சுவர் வழியாக நீர் வெளியே போய்விட்டால், உள்ளே மிச்சம் இருக்கும் ரத்தம் கெட்டியாகும், சதவீதம் ஏறும். முதல் ரிப்போர்ட்டில் 38 இருந்து, ஐந்தாம் நாளில் 46 ஆகிவிட்டால் 20 சதவீதத்துக்கு மேல் உயர்வு. பிளேட்லெட் 80 ஆயிரமாக இருந்தாலும்கூட இந்த நோயாளி மருத்துவமனையில் இருக்க வேண்டியவர். மறுபக்கம், பிளேட்லெட் 40 ஆயிரத்துக்கு வந்தும், பி.சி.வி. ஏறாமல், நன்றாகச் சாப்பிட்டு, சிறுநீர் ஒழுங்காகப் போகிற பலர் எந்தச் சிக்கலும் இல்லாமல் தேறிவிடுகிறார்கள். அவர்களும் டாக்டரின் பார்வையில் இருக்க வேண்டும். ஆனால் அந்த ஒற்றை எண்ணை வைத்து ஊரெல்லாம் போன் போட்டு ரத்தம் தேட வேண்டியதில்லை.

படி 5: நீர் ஆகாரம்

பெரியவர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு முதல் இரண்டரை லிட்டர். வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் உப்புச் சத்து குறைந்துவிடும். ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மோர், இளநீர், பருப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். வாந்தி வருகிறதா? ஒரே மூச்சில் டம்ளரை நீட்டாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு ஸ்பூன். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவு நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதி பாக்கெட் பாதி டம்ளர் என்ற கண் திட்டம் கூடாது. டப்பாவில் வரும் ஓ.ஆர்.எஸ். மாதிரிப் பானங்களில் சர்க்கரைதான் அதிகம்.

பீட்ரூட், மாதுளை, சிவப்புக் கலர் ஜூஸ் இந்த ஒரு வாரத்துக்கு வேண்டாம். அவற்றில் கெடுதல் ஒன்றும் இல்லை. வாந்தியிலோ மலத்திலோ சிவப்பாக ஏதாவது தெரிந்தால் அது ரத்தமா ஜூஸா என்று தெரியாமல் தடுமாறக் கூடாது, அவ்வளவுதான்.

இதயம், சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு இந்த நீர் அளவு பொருந்தாது. அவர்கள், கர்ப்பிணிகள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், தனியாக வசிப்பவர்கள் எல்லோரும் டெங்கு என்று தெரிந்ததுமே மருத்துவமனையில் இருப்பது பாதுகாப்பு.

படி 6: காய்ச்சல் இறங்கிய 48 மணி நேரம்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பெரும்பாலும் மூன்றாம் நாளில் இருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். பிள்ளை நெற்றி குளிர்ந்திருக்கும். "அப்பாடா, விட்டுடுச்சு" என்று அம்மா சமையலுக்குப் போவார், அப்பா வேலைக்குக் கிளம்புவார். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் நீர்க்கசிவு உச்சத்துக்குப் போகும். காய்ச்சல் இறங்கியதும் பசி எடுத்து, முகம் தெளிந்து, எழுந்து உட்கார்ந்தால் நல்ல அறிகுறி. காய்ச்சல் இறங்கியும் ஆள் முன்பைவிடத் துவண்டு போனால் அது அபாயம்.

எச்சரிக்கை அறிகுறிகளை அப்படியே எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்:

- விடாத வயிற்று வலி, தொட்டாலே வலி
- தொடர் வாந்தி, ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல்
- ஈறு, மூக்கில் ரத்தம், கருப்பான மலம், பெண்களுக்கு வழக்கத்துக்கு மீறிய மாதவிடாய் ரத்தம்
- மயக்கமான சோர்வு அல்லது காரணம் இல்லாத பரபரப்பு, பிள்ளை ஓயாமல் அழுவது
- கை கால் சில்லிட்டுப் பிசுபிசுப்பது
- ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது
- மூச்சு வாங்குவது, வயிறு உப்புவது

இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நோயாளியின் விரலை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி, நகத்தை ஐந்து விநாடி அழுத்துங்கள். நகத்தடி வெளுத்துவிடும். விட்டதும் "ஒன்று, இரண்டு" என்று எண்ணும் நேரத்துக்குள் மறுபடி சிவப்பு வர வேண்டும். அதற்கு மேல் ஆனால் கை நுனிக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். இந்த 48 மணி நேரத்தில் இரவிலும் இரண்டு மூன்று முறை எழுந்து இதைப் பாருங்கள்.

வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால் மேல் அளவில் இருந்து கீழ் அளவைக் கழித்துப் பாருங்கள். 120/80 என்றால் 40. 100/85 என்றால் 15. மேல் அளவு நூறு இருக்கிறதே என்று திருப்திப்படக் கூடாது. வித்தியாசம் 20 அல்லது அதற்கும் கீழே வந்துவிட்டால் அது டெங்கு அதிர்ச்சி நிலை, அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை. இந்த நோயின் கொடுமை என்னவென்றால், அந்த நிலையிலும் நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். "நல்லாத்தானே பேசுறான்" என்று ஏமாந்துவிடக் கூடாது.

படி 7: மருத்துவமனையில் என்ன நடக்கும்

சலைன் ஏற்றுவார்கள். அளந்துதான் ஏற்ற வேண்டும். குறைந்தால் அழுத்தம் விழும், கூடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால்தான் நர்ஸ் அடிக்கடி வந்து பி.பி. பார்ப்பதும், சிறுநீரை அளக்கச் சொல்வதும். "இன்னொரு பாட்டில் போடுங்க, தெம்பா இருக்கும்" என்று வற்புறுத்தாதீர்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: பி.சி.வி. இப்போது எவ்வளவு, முதலில் எவ்வளவு இருந்தது, சிறுநீர் போதுமான அளவு போகிறதா?

ரத்தக் கசிவு இருந்தாலோ, பிளேட்லெட் 10 ஆயிரத்துக்கும் கீழே போனாலோதான் பொதுவாகப் பிளேட்லெட் ஏற்றுவது பற்றி யோசிப்பார்கள். எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்பதற்காக மட்டும் முன்கூட்டி ஏற்றுவதால் பலன் இல்லை. ஏற்றியது சில மணி நேரத்தில் அழிந்துவிடும். ஒவ்வாமை, கூடுதல் நீர்ச்சுமை என்ற ஆபத்துகள் மட்டும் மிஞ்சும்.

பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் குடிநீர் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பப்பாளி இலை பிளேட்லெட்டைக் கொஞ்சம் சீக்கிரம் ஏற்றுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. நீர்க்கசிவை நிறுத்துவதாகவோ உயிர் காப்பதாகவோ நிரூபணம் இல்லை. கசப்புச் சாற்றைக் குடித்து வாந்தி எடுத்து, உள்ளே இருக்கும் நீரையும் இழப்பவர்கள் உண்டு. நிலவேம்பை நம்பிக் குடிப்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அதைக் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது.

படி 8: தேறும் நாட்கள்

கசிந்த நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும். பசி எடுக்கும், சிறுநீர் தாராளமாகப் போகும். கை கால்களில் சிவந்த தடிப்பும், நடுநடுவே வெள்ளைப் புள்ளிகளும், உள்ளங்கை உள்ளங்காலில் பொறுக்க முடியாத அரிப்பும் வரலாம். இது தேறும் அறிகுறிதான். பிளேட்லெட் கடைசியில்தான் ஏறும். மருந்து இல்லாமலே 24 முதல் 48 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல், பிளேட்லெட் 50 ஆயிரத்தைத் தாண்டி ஏறுமுகமாக இருந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். அசதி இரண்டு மூன்று வாரம் இழுக்கும். பிள்ளையை உடனே விளையாட்டுப் போட்டிக்கோ டியூஷனுக்கோ விரட்ட வேண்டாம்.

வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டும் நெடுநாள் எதிர்ப்பு. வேறு வகை இரண்டாம் முறை வந்தால் பழைய ஆன்டிபாடியே வைரஸுக்கு வழிகாட்டி, நோயைக் கடுமையாக்கலாம். அதனால் இந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை காய்ச்சல் வந்தால் "எனக்கு முன்னாடி டெங்கு வந்திருக்கு" என்பதுதான் டாக்டரிடம் சொல்லும் முதல் வாக்கியமாக இருக்கட்டும். தடுப்பூசியைப் பொறுத்தவரை, சில நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. இந்தியாவிலேயே உருவான ஒன்றுக்கு 2024ல் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியது.

படி 9: நோயாளியைக் கொசுவிடம் இருந்து காப்பாற்றுங்கள்

காய்ச்சல் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, காய்ச்சல் இருக்கும் நாள் வரை நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அப்போது கடிக்கும் கொசு, 8 முதல் 12 நாள் கழித்து அடுத்தவருக்குப் பரப்பத் தயாராகிவிடும். ஏடிஸ் பெரும்பாலும் பகலில் கடிக்கும், காலை வெயில் ஏறும்போதும் மாலை பொழுது சாயும் முன்பும் அதிகம். ஆகவே நோயாளி பகலில் தூங்கும்போதும் கொசுவலை வேண்டும். கட்டிலுக்கு அடியில், சுவரில் மாட்டிய அழுக்குத் துணிகளுக்குப் பின்னால், திரைச்சீலை மடிப்பில் இது ஒளிந்திருக்கும்; கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையம்.

படி 10: வாரம் ஒருமுறை தொட்டி வேட்டை

இந்தக் கொசு சாக்கடையில் இருந்து வருவதில்லை, நம் வீட்டு நல்ல தண்ணீரில் இருந்துதான் வருகிறது. அதிகம் போனால் சில நூறு மீட்டர் பறக்கும். உங்களைக் கடித்தது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டு மாடியிலோ பிறந்ததுதான். குழாயில் வாரம் ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊர்களில் வீட்டுக்கு நாலு டிரம், ஒரு சிமெண்ட் தொட்டி, பத்துக் குடம் என்று பிடித்து வைக்காமல் எப்படி வாழ்வது? மக்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ஒழுங்காகக் குடிநீர் வரும் குழாயும் டெங்கு ஒழிப்புத் திட்டம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது வரும்வரை இதைச் செய்வோம்.

நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை கலைத்தால் எந்தத் தலைமுறையும் பறக்காது. ஒரு கிழமையை முடிவு செய்துகொள்ளுங்கள்.

டார்ச்சை எடுத்துத் தொட்டிக்குள் அடியுங்கள். வெளிச்சம் பட்டதும் சிறு சிறு இழைகள் நெளிந்து அடிக்கு ஓடினால் அது கொசுப்புழு. ஓரிரு நிமிடம் அசையாமல் நின்றால் மூச்சு விட மறுபடி மேலே வந்து சாய்வாகத் தொங்கும். கமா போல வளைந்து, தலை பெரிதாக இருப்பது கூட்டுப்புழு; ஓரிரு நாளில் கொசுவாகிவிடும். அது எதையும் தின்னாது என்பதால் நகராட்சியில் ஊற்றும் அபேட் மருந்து புழுவைக் கொல்வது போல அதைக் கொல்லாது. தண்ணீரைக் கொட்டத்தான் வேண்டும், அதுவும் காய்ந்த மண்ணில்.

கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் போடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்துபோன முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் பொரியும். அதனால் தொட்டியைக் காலி செய்தபின், நீர்மட்டக் கோடு படிந்திருக்கிற இடத்தில் முரட்டு பிரஷ்ஷால் பிளீச்சிங் பவுடர் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். அப்புறம் வெள்ளைத் துணியோ கொசுவலையோ போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பாதி மூடிய பிளாஸ்டிக் மூடியால் பயன் இல்லை.

பிறகு வீட்டைச் சுற்றுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, ஏர் கூலர், ஏ.சி. தண்ணீர் சொட்டும் வாளி, பூந்தொட்டித் தட்டு, பாட்டிலில் வைத்த மணி பிளான்ட், பயன்படுத்தாத உரல், கொட்டாங்குச்சி, பழைய டயர், மாடியில் சுருட்டிப் போட்ட தார்பாலின் மடிப்பு, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி. ஓவர்ஹெட் டேங்கின் மூடியும் வழிந்தோடும் குழாயும் திறந்திருந்தால் வலை கட்டுங்கள். கிணறாக இருந்தால் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் தேங்கிய தண்ணீரும் பூட்டிக் கிடக்கும் வீட்டு மாடியும் தெருவிலேயே மோசமான இடங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, அதற்கு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

புகை மருந்து அடிக்க வண்டி வந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொசு வீட்டுக்குள்தான் இருக்கிறது. அந்தப் புகை, பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். தொட்டியில் இருப்பவை அடுத்த நாளே பறக்கும் என்பதால், வண்டி வந்த வாரத்திலும் தொட்டியைத் தேய்த்தாக வேண்டும். வீடு வீடாக வரும் டெங்கு ஒழிப்புப் பணியாளர் மாடிக்குப் போகக் கேட்டால் மறுக்காமல் அனுமதியுங்கள். அவர் கண்ணுக்குப் படுகிற தண்ணீர் பல நேரம் நம் கண்ணுக்குப் படாது.